காற்றில் மிதப்பதைக் காட்டிய ஆசிரியர் ஜான் டிண்டல்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகச் செல்லும் பெருஞ்சாலையில், புதுவையை அடைவதற்கு முன்னர் வருவது மரக்காணம் என்னும் ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அப்பழம்பெருமை ஒருபுறம் இருக்க, இன்று அவ்வழியே செல்வோர் மனத்தில் நிலைத்து நிற்பவை அவ்வூரின் உப்பளங்களே. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகின்ற அப்பகுதியில், கழிநிலம் பாத்தி பாத்தியாக வகுக்கப்பெற்று, தை மாதம் முதல் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்வரை உவர்நீர் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். வரப்புகளின்மேல் வெண்குவியல்கள் வரிசையாக நிற்கும்.

அங்கே சிறிது நேரம் நின்றால் உதட்டில் உப்புக் கரிக்கும். காற்றில் உப்பு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அலை உடையுந்தோறும் நீரில் எண்ணிறந்த குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. வெடிக்கும்போது மிகச் சிறிய திவலைகள் மேலே தெறிக்கின்றன. திவலையின் நீர் வற்றியபின் எஞ்சுவது கண்ணுக்குப் புலப்படாத உப்புத் துகள். கடற்காற்று அதனைச் சுமந்துகொண்டு பாத்திகளைக் கடந்து ஊருக்குள் வருகிறது. கரையோரப் பள்ளிகளின் ஜன்னல் கம்பிகள் விரைவிலே துருவேறிப் போவது இதனாலேயே. கம்பியை அரித்ததைக் காண்கிறோம்; கம்பியினூடே புகுந்து வகுப்பறைக்குள் உலவுவதைக் காண்கிறோமில்லை. அவ்வறையில் உப்புத் துகள் மட்டுமோ இருக்கிறது? கரும்பலகையிலிருந்து உதிர்ந்த சாக்குத் தூள் உண்டு. பிள்ளைகளின் கால்களோடு வந்த மண் உண்டு. அண்டை வீட்டு விறகடுப்பின் புகை உண்டு. அவர்கள் எல்லாரும் விட்ட மூச்சும் உண்டு.

ஒரோவழி இவை கண்ணுக்குத் தென்படுவதும் உண்டு. ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியாகக் காலை வெயில் ஒரு கோல்போல உள்ளே சாய்ந்து விழும்போது, அக்கோலினுள்ளே ஆயிரமாயிரம் துகள்கள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடுகின்றன. அதனைக் கைநீட்டிப் பிடிக்க முயலாத பிள்ளை உண்டோ? நம் முன்னோரும் இதனைக் கண்டிருந்தனர். ஜன்னல் வெயிலில் தோன்றும் அத்துகளுக்குத் திரசரேணு என்று பெயரிட்டு, நிறையளவையின் முதற்படியாக அதனை வைத்தார்கள் வடநூலார். ஆனால், அந்த ஒளிக்கோலையே ஒரு பரிசோதனைக் கருவியாக்கி, அத்துகள் யாது, எங்கிருந்து வருகிறது, நாம் மூச்சிழுக்கும்போது எங்கே போகிறது என்று கேட்டு விடை கண்டவர் ஜான் டிண்டல் என்னும் ஐரிஷ்காரர். நம் கலாசாலையிற் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராகி வகுப்பறைகளில் நாள் முழுதும் நிற்கப் போகிறவர்கள். அவர்கள் இழுக்கும் காற்றையும், அவர்களை நம்பி அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இழுக்கும் காற்றையும் முதன்முதல் ஒளியிட்டுக் காட்டிய இவரது வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

டிண்டல் 1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் தேதி அயர்லாந்தில் கார்லோ மாவட்டத்து லெய்லின்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் சிறு சேவகர். செருப்புத் தைக்கும் தொழிலும் அறிந்தவர். செல்வம் இல்லை, ஆயினும் மகனுடைய கல்வியில் அவர் குறை வைத்தாரில்லை. தாம் உறுதியான புராட்டஸ்டண்டாயிருந்தும், கணிதத்தில் வல்லவர் என்று பெயர் பெற்ற கான்வில் என்னும் கத்தோலிக்க ஆசிரியரிடமே மகனை அனுப்பினார். அந்நாளைய அயர்லாந்தில் இஃது எளிய செயலன்று. அவ்வாசிரியரிடம் கற்ற கணிதமும் நில அளவைக் கலையுமே டிண்டலுக்கு முதற் சோறிட்டன.

1839-இல் அரசாங்க நில அளவைத் துறையிற் சேர்ந்தார். 1842-இல் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டார். உழைப்புக்கு ஏற்ற ஊதியம் இல்லை என்று உடன் வேலை செய்தோர் முறையிட்டபோது முன்னின்றவர்களில் இவரும் ஒருவர். அதன் பயனாக 1843-இல் வேலை போயிற்று. பின்னர் இங்கிலாந்தில் இருப்புப்பாதை போடும் வெறி எழுந்த காலத்தில், மூன்றாண்டுகள் அளவைக்காரராக அலைந்தார். 1847-இல் அலைச்சல் தீர்ந்து, ஹாம்ப்ஷயர் மாகாணத்துக் குயின்வுட் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். கல்லூரி என்று பெயரேயன்றி அது சிறுவர் பள்ளியே. மாணவர் தாமே கையாளும் பரிசோதனைச் சாலையை முதலில் அமைத்த ஆங்கிலப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. அங்கே இரசாயனம் கற்பித்தவர் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய எட்வர்டு பிராங்க்லாண்டு.

இரு ஆசிரியரும் ஒருவருக்கொருவர் தாம் அறிந்ததைக் கற்பித்துக்கொண்டனர். கற்கக் கற்க, தாம் கற்றது போதாது என்னும் எண்ணமே இருவர்க்கும் வலுத்தது. 1848-இல் சேர்த்துவைத்த சிறு பொருளை எடுத்துக்கொண்டு ஜெர்மனியிலுள்ள மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போயினர். டிண்டலுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. தம்மினும் இளைஞரோடு ஒரே பலகையில் அமர்ந்து, புன்சன் முதலியோரிடம் பாடம் கேட்டு, இரவு பகல் பாராது படித்து, இரண்டு ஆண்டுக்குள்ளாகவே டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர்க்கு உடனே வேலை கிடைத்துவிடவில்லை. மீண்டும் குயின்வுட்டுக்கே வந்து சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார்; கிடைத்திலது. பட்டம் பெற்றும் வேலைக்குக் காத்திருக்கும் நம் நண்பர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பார்களாக.

1853-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை ஒன்றில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவர் ஆற்றிய சொற்பொழிவே இவர் தலைவிதியை மாற்றிற்று. அவ்வாண்டிலேயே அங்குப் பௌதிகப் பேராசிரியராக நியமனம் பெற்று, மைக்கேல் பாரடேயின் உடனுழைப்பாளரானார். பாரடே கொல்லன் மகன். டிண்டல் காவற்காரர் மகன். இருவர்க்கும் இருந்த அன்பு தந்தைக்கும் மகனுக்கும் உள்ளதை ஒத்தது. 1867-இல் பாரடே காலமானபின் அவ்விடத்தை டிண்டலே ஏற்றார். அங்கே சிறுவர்க்காக ஆண்டுதோறும் நடைபெறும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1861 முதல் 1884 வரையில் பன்னிரண்டு முறை இவர் ஆற்றினார். பேராசிரியர் ஆனபின்னும் பள்ளி ஆசிரியர் இவரைவிட்டு நீங்கவில்லை என்றே கூறவேண்டும். இடையிடையே ஆல்ப்ஸ் மலையேறுவதில் இவருக்குப் பெருவிருப்பு. அதுவரை எவரும் எட்டாத வைஸ்ஹார்ன் சிகரத்தை 1861-இல் அடைந்த முதற் குழு இவருடையதே. 1874-இல் பெல்பாஸ்டில் ஆற்றிய தலைமையுரையால் எழுந்த பூசல் வேறு கதை. அதில் நாம் இங்கே புகவேண்டுவதில்லை.

நமக்கு வேண்டுவன இவருடைய இரண்டு ஆராய்ச்சிகள். முதலாவது 1859-இல் தொடங்கியது. நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றில் ஒவ்வொரு வாயுவாக நிரப்பி, அதன் ஊடே வெப்பக்கதிரைச் செலுத்தி, எவ்வளவு கதிர் மறுபுறம் வந்து சேர்கிறது என்று அளந்தார். பிராணவாயுவும் நைட்ரஜனும் வெப்பக்கதிரைத் தடுக்கவில்லை. நீராவியும் கரியமில வாயுவும் தடுத்தன. (கரியமில வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதை 1856-லேயே அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்னும் அம்மையார் கண்டிருந்தார் என்பதை மறக்கலாகாது; அவர் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்து அண்மையில்தான் வெளிப்பட்டது.) பின்னர், உலர்த்திய மனித மூச்சையே அக்குழாயிற் செலுத்தினார் டிண்டல். வெப்பக்கதிர் எவ்வளவு குறைகிறதோ அதனைக்கொண்டு மூச்சிலுள்ள கரியமில வாயுவின் அளவைக் கூறலாயிற்று. இரசாயன முறையிற் கண்ட கணக்கும் இதுவும் ஏறக்குறைய ஒத்திருந்தன.

இஃது அக்காலத்தில் ஒரு வேடிக்கையாகவே கருதப்பட்டது. வகுப்பறைக்கு இதனால் என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால், ஏறத்தாழ அதே காலத்தில், 1858-இல், ஜெர்மனியின் மூனிக் நகரத்துப் பேராசிரியர் பெட்டன்கோபர் வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தார். அடைத்த அறையில் மக்கள் கூடியிருக்கும்போது காற்றுக் கெடுவதற்குக் கரியமில வாயுவே காரணம் அன்று. ஆயினும் அதனை அளந்தால், பிறர் விட்ட மூச்சு அவ்வறையில் எவ்வளவு தேங்கியுள்ளது என்று அறியலாம் என்று அவர் கண்டார். ஆயிரம் பங்குக் காற்றில் ஒரு பங்கு கரியமில வாயு சேர்ந்துவிட்டால் அவ்வறை மக்கள் தங்கத் தகாதது என்று வரையறுத்தார். அவர் அளந்த இடங்களுள் பள்ளி வகுப்புகளும் இருந்தன. இன்று வகுப்பறைச் சுவரில் மாட்டும் கரியமில வாயுமானி, பெட்டன்கோபர் இட்ட எல்லையை டிண்டல் காட்டிய முறையால் அளக்கிறது. அதனுள்ளே ஒரு சிறு விளக்கும், வெப்பக்கதிரை உணரும் ஒரு கண்ணும், இடையிலே வகுப்பறைக் காற்றும் இருக்கின்றன, வேறில்லை. கொரோனா நோய்க் காலத்தில், 2021-இல், இங்கிலாந்து அரசாங்கம் பள்ளிகளுக்கென்று மூன்று லட்சம் மானிகளை வழங்குவதாக அறிவித்தது.

இரண்டாவது ஆராய்ச்சி எதிர்பாராது வந்தது. 1868-இல் டிண்டல், ஆவிகளின்மேல் ஒளி செய்யும் மாறுதலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கு ஒளி சென்றாலும் உள்ளே ஒன்றும் தெரியாத தூய காற்று வேண்டும். தூசு இருந்தால் ஒளிக்கற்றை பளிச்சென்று தோன்றும். தூசு அற்றால் ஒளிக்கற்றை இருந்தும் குழாய் இருண்டே இருக்கும். காற்றைக் கந்தக அமிலத்தின் வழியாகவும் காரநீரின் வழியாகவும் செலுத்திப் பார்த்தார், தூசு போகவில்லை. கடைசியில் சாராய விளக்கின் சுடர்மேலாகச் செலுத்தினார். உடனே குழாய் இருண்டது. மிதந்த தூசு எரிந்துபோயிற்று. அவர் திகைத்தார் என்றே கூறவேண்டும். லண்டன் காற்றிலுள்ள தூசு மண்ணும் சுண்ணமுமாக இருக்கும் என்று அவரும் பிறரும் எண்ணியிருக்க, அதில் பெரும்பகுதி எரியக்கூடிய பொருளாயிருந்தது. உயிருள்ளவற்றிலிருந்து வந்த பொருள் அது. ஒருவேளை அதில் உயிருள்ளனவும் இருக்கலாம் அல்லவா?

பின்னர் அறையிலே திறந்தவெளியில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, அதன் கீழே விளக்கை வைத்தார். கற்றையினுள் கரும்புகை சுழன்றெழுவது போலத் தோன்றிற்று. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலை வைத்தபோதும் அவ்வாறே. அது புகையன்று, தூசு இல்லாத காற்று மேலெழுவதால் ஒளி தங்குவதற்கு இடமின்றித் தோன்றிய இருள். (சூடான பொருளைச் சுற்றி எரியாமலே தூசு விலகிப் போவதும் உண்டு என்று பின்வந்த ரேலே, எய்ட்கன் முதலியோர் காட்டினர். ஆகையால், எல்லாத் தூசும் எரிந்தே போயிற்று என்று டிண்டல் கொண்ட முடிவு ஓரளவு திருத்தம் பெற்றது.)

அடுத்துச் செய்த பரிசோதனையே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்பது நம் எண்ணம். அதற்குக் கருவி ஒரு கண்ணாடிக் குழாயும் மனித மூச்சுமே. ஒளிக்கற்றையின் குறுக்கே டிண்டல் மெல்ல மூச்சு விட்டார். முதலில் கற்றை சற்றே மங்கியும் தூசு ஆடிக்கொண்டும் இருந்தது. மூச்சின் கடைசிப் பகுதி, அஃதாவது நெஞ்சின் ஆழத்திலிருந்து வரும் காற்று, கற்றையை அடைந்தபோது, அங்கே கருந்துளை விழுந்தாற்போல ஒளி அற்றுப்போயிற்று. உள்ளே சென்றபோது தூசு நிறைந்திருந்த காற்று, வெளியே வரும்போது தூசின்றி வந்தது. அத்தூசு எங்கே தங்கிற்று? விடையை எவரும் சொல்லவேண்டியதில்லை. பிறகு, ஒரு கைப்பிடிப் பஞ்சை வாயில் வைத்து அதன் வழியாக மூச்சிழுத்து விட்டார். அப்போது மூச்சின் தொடக்கத்திலேயே கற்றை இருண்டது. நெஞ்சில் தங்கவேண்டிய தூசு பஞ்சில் தங்கிற்று.

1870-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 21-ஆம் தேதி, தூசும் நோயும் என்னும் பொருள்பற்றி ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றையெல்லாம் சபையோர் காணச் செய்துகாட்டினார். நாகரிகச் சீமாட்டிகளும் பிரபுக்களும் தாங்கள் அமர்ந்திருந்த மண்டபத்துக் காற்றையே ஒளியில் கண்டனர். நோய்க்குக் காரணம் கெட்ட நாற்றமும் சதுப்பு நில ஆவியும் என்று பெரும்பாலான வைத்தியர் கருதிய காலம் அது. பௌதிகப் பேராசிரியர் ஒருவர் நோய் பற்றிப் பேச வந்ததை அவர்களிற் பலர் பொறுக்கவில்லை. டிண்டலும் சும்மா இருக்கும் இயல்பினர் அல்லர். வாதம் என்றால் வரிந்து கட்டுவார். பாரிஸில் பாஸ்டர் என்பவரும் எடின்பரோவில் லிஸ்டர் என்பவரும் நடத்திவந்த கிருமி ஆராய்ச்சிக்கு இங்கிலாந்தில் இவர் உரத்த குரலாயினார்.

பேச்சோடு நிற்கவில்லை. நெருப்பணைக்கும் படையினர் புகை நிறைந்த வீடுகளில் மூச்சுத்திணறி மடிவதைக் கேட்டு, கிளிசரின் தோய்த்த பஞ்சும் கரித்துண்டும் சுண்ணமும் அடுக்கிய மூச்சுக் கவசம் ஒன்றை 1871-இல் அமைத்தார். லண்டன் நெருப்பணைப் படைத் தலைவர் ஷாவோடு புகை நிரப்பிய சிற்றறைக்குள் தாமே அதனை அணிந்து சென்று சோதித்தார். கொரோனா நாட்களில் நாமெல்லாம் முகத்திற் கட்டிக்கொண்ட கவசத்தின் மூதாதை இது எனலாம்.

இனி மரக்காணத்து வகுப்பறைக்கு மீள்வோம். அங்குள்ள தூசு எத்தகையது என்று டிண்டல் வழியிலே பகுத்துப் பார்த்தால், சில வியப்பான உறவுகள் தெரியவருகின்றன. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காய்ச்சும்போது, உப்பு முதலில் படிவதில்லை. முதலில் சிறிது சுண்ணமும், அதன்பின் ஜிப்சம் என்னும் பொருளும் படிகின்றன. போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரி வந்தபின்னரே உப்புக் கட்டத் தொடங்கும். அந்த ஜிப்சத்தையே சுட்டுப் பொடித்து நீர்சேர்த்து அச்சிலிட்டால் அது நம் வகுப்பறைச் சாக்குக்கட்டி. தகப்பனார் பாத்தியில் உப்புக்கு முன் ஒதுக்குகின்ற பொருளும், பிள்ளையின் முன் ஆசிரியர் கையில் தேய்கின்ற பொருளும் ஓரினமே! சாக்குத் தூளில் பெரும்பகுதி பருமனானது. சிறிது நேரத்தில் தரையிலும் மேசையிலும் ஆசிரியர் சட்டையிலும் படிந்துவிடும். உலர்ந்த துணியால் ஓங்கித் துடைத்துத் தட்டும்போதே அது முன்வரிசைப் பிள்ளைகளின் மூக்கை அடைகிறது. ஈரத்துணியால் துடைத்தால் அவ்வளவும் துணியிலே நின்றுவிடும்.

உப்புத் துகளும் பெரும்பாலும் பருமனானதே. அன்றியும் அது நீரிற் கரையும். மூக்கும் தொண்டையுமே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். விறகுப் புகையும், சருகையும் குப்பையையும் எரிக்கும் புகையும், மோட்டார் வண்டிப் புகையும் அவ்வாறல்ல. அவற்றின் துகள் மிக நுண்ணியது. இரண்டரை மைக்ரான், அஃதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டதில் இரண்டரைக் கூறு என்னும் அளவுக்குக் குறைந்தது. டிண்டலின் ஒளிக்கற்றையில் விழுந்த கருந்துளைக்குள் மறைந்தவை இத்தகையவையும்தாம். இந்நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021-இல் அறிவுரை கூறியுள்ளது. நம் நாட்டில் 2009-இல் வகுத்த எல்லை 40 மைக்ரோகிராம். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் படிப்போரே நினைத்துக்கொள்க.

இவ்வெண்களை அளக்க இன்று எளிய விலையில் விற்கும் சிறு பெட்டிகளும் டிண்டலின் பிள்ளைகளே. ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. ஒளிக்கற்றை ஒன்று அதன் குறுக்கே பாய்கிறது. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை ஒரு மின்கண் எண்ணுகிறது. ஆயினும் உப்பளக் கரையில் இப்பெட்டியை வைப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்தை ஒட்டி மேற்செல்லும்போது, உப்புத் துகள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். பெருத்த துகள் மிகுதியாக ஒளியைச் சிதறடிக்கும். பெட்டி பெரிய எண்ணைக் காட்டும். விடியற்காலையில் அவ்வெண்ணைக் கண்டு அஞ்சிக் கடற்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவது பேதைமை. சாத்திய அறையில் சிறிது நேரத்துக்குள் பிள்ளைகளின் மூச்சே தேங்கிவிடும். கடற்காற்றுக் கொண்டுவரும் உப்பைவிட, பள்ளி முற்றத்தில் கூட்டிக் கொளுத்தும் சருகின் புகையே நாம் அஞ்சத்தக்கது என்பது எம் கருத்து. பிள்ளைகள் வந்து அமர்ந்தபின் உலர்ந்த துடைப்பத்தால் வகுப்பைப் பெருக்கும் வழக்கமும் அத்தகையதே. நம் வீட்டுப் பெண்டிர் வாசலில் நீர் தெளித்த பின்னரே பெருக்குகின்றனர். டிண்டல் இங்கிலாந்தில் செய்ததும் ஒருவகையில் அதுவே.

எவ்வாறெனில் கூறுவோம். 1870-க்குப் பின் பாஸ்டியன் என்னும் வைத்தியர், கொதிக்க வைத்த கஷாயத்திலும் கிருமிகள் தாமாகவே தோன்றும் என்று வாதித்துவந்தார். டிண்டல் மரப்பெட்டி ஒன்று செய்து, ஒளி புகக் கண்ணாடி ஜன்னல் வைத்து, உட்சுவர் முழுதும் கிளிசரின் பூசினார். சில நாள் அசைக்காது விட, மிதந்த தூசெல்லாம் மெல்லப் படிந்து பிசுக்கிலே ஒட்டிக்கொண்டது. ஒளிக்கற்றையைச் செலுத்த, பெட்டி இருண்டிருந்தது. அதன்பின் உள்ளே வைத்த குழாய்களில் இறைச்சி ரசத்தையும் காய்கறிச் சாற்றையும் ஊற்றிக் கொதிக்க வைத்தார். மாதக்கணக்கில் அவை கெடவில்லை. வெளியே சாதாரணக் காற்றில் வைத்த அதே சாறு சில நாளிலேயே கலங்கி நாறிற்று. ஒளி சிதறாத காற்றில் அழுகலும் இல்லை என்பது இவ்வாறு புலனாயிற்று. நூறு குழாய்களை ஒரே தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, சில முந்தியும் சில பிந்தியும் கெட்டன. ஆகவே கிருமிகள் காற்றில் எங்கும் சீராகப் பரவியில்லை, மேகத் திரள்போல அங்கங்கே திரண்டு அலைகின்றன என்றும் அறிந்தார்.

ஆயின், வெற்றி நீடித்திலது. அடுத்த ஆண்டு அதே பெட்டி, அதே சாறு, அதே கொதி, எல்லாம் கெட்டுப்போயின. எதிர்க்கட்சியினர் மகிழ்ந்தனர். டிண்டல் தம் பரிசோதனைச் சாலையையே சந்தேகித்தார். ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்த பழைய வைக்கோற் கட்டின் தூசு அங்கே எங்கும் பரவியிருந்தது. கருவிகளோடு கியூ தோட்டத்திலுள்ள ஜாட்ரல் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்றார். அங்கே சாறு கெடவில்லை. வைக்கோற் கிருமி, வித்துப்போல உறங்கும் நிலையில் நீண்ட நேரக் கொதிப்பையும் தாங்கும் என்பது 1877-இல் தெளிவாயிற்று. இடைவிட்டு இடைவிட்டுச் சிறிது நேரம் சூடாக்கினால், உறக்கம் கலைந்து முளைவிடும்போது அவை மடியும் என்று கண்டார். இம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இவ்வாராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து, காற்றில் மிதக்கும் பொருள்பற்றிய நூலை 1881-இல் வெளியிட்டார்.

வகுப்பறைக் காற்றில் நோய் மிதந்து பரவும் என்பதை ஒரு பள்ளியிலேயே மெய்ப்பித்துக் காட்ட அறுபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பள்ளி ஒன்றில், வெல்ஸ் என்பவர் கிருமிகளைக் கொல்லும் ஊதாக்கடந்த ஒளி விளக்குகளைச் சில வகுப்புகளில் மட்டும் பொருத்தியிருந்தார். 1941-இல் தட்டம்மை பரவியபோது, அவ்வகுப்புப் பிள்ளைகளிடையே அது பிறரைவிட மிகக் குறைந்தே காணப்பட்டது.

டிண்டலுக்கு ஆராய்ச்சியில் கடலும் விடுபடவில்லை. 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதிச் சூரிய கிரகணத்தைக் காண அல்ஜீரியாவிலுள்ள ஓரான் நகருக்குக் கப்பலிற் சென்றார். வானம் மேகம் மூடிக் கிரகணம் காணக் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமின்றி, வழியெல்லாம் கடல்நீரைப் புட்டிகளில் எடுத்துவந்து, லண்டனில் ஒளிக்கற்றையிட்டுப் பார்த்தார். நீரில் மிதக்கும் நுண்துகளாலேயே கடலின் நிறம் வேறுபடுகிறது என்று கருதினார். இதே மத்தியதரைக் கடலை 1921-இல் கப்பலில் வரும்போது நோக்கி, துகள் இல்லாத நீரின் அணுக்கூறுகளே நீல ஒளியைச் சிதறடிக்கும் என்று உணர்ந்தவர், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த நம் சர் சி. வி. ராமன். அவ்வழியே சென்ற ஆராய்ச்சி 1928-இல் ராமன் விளைவாகக் கனிந்தது. அதில் அவருக்கு வலக்கையாயிருந்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். தூசு ஒன்றேனும் இல்லாதபடி திரவங்களை வெற்றிடத்தில் வடித்தெடுத்தே அவர்கள் அவ்விளைவைக் கண்டனர். டிண்டல் தேடிக் கண்ட தூசை இவர்கள் தேடி விலக்கினர் எனலாம்.

இவர் பொருளைப் பெரிதாக நினைத்தவரல்லர். 1872-73-இல் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிக் கிடைத்த ஊதியத்தில் செலவு போக மிஞ்சிய சுமார் 13,000 டாலரையும், அந்நாட்டு இளைஞர் பௌதிகம் கற்பதற்கென்றே விட்டுவந்தார். 1876-இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், லூயிசா ஹாமில்டன் என்னும் பெருமாட்டியை மணந்தார். ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதுவதிலும் கடிதங்களைப் பேணுவதிலும் அவ்வம்மையார் துணையாயிருந்தார்.

லண்டன் புகையில் உடல் நலிந்தவர், பிற்காலத்தில் சர்ரே மாகாணத்து ஹிண்ட்ஹெட் மேட்டில் வீடு கட்டிக்கொண்டார். ஆல்ப்ஸ் மலைக் காற்றுக்கு ஒப்பான காற்று அங்கே உண்டு என்று அவர் நண்பரிடமெல்லாம் சொன்னார். சொன்னவர் காற்றை அறிந்தவராயிற்றே! கேட்டவரெல்லாம் அங்கே வந்து வீடு கட்டத் தலைப்பட்டனர். தனிமை போய்விட்டதே என்று வருந்தி, அண்டை வீடுகள் கண்ணிற் படாதபடி மரக்கழிகளை நட்டுப் புதர்க்கிளைகளை வேய்ந்து பெரிய தட்டிகளை நிறுத்தினார் டிண்டல். அவை ஊராருக்கு நெடுநாள் வேடிக்கையாயிருந்தன.

உறக்கமின்மை அவரை ஆயுள் முழுதும் வாட்டிற்று. அதற்காக இரவில் குளோரல் என்னும் மருந்தும், வயிற்றுக்காகக் காலையில் மக்னீசியாவும் உட்கொள்வது வழக்கம். 1893-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் தேதி காலையில், லூயிசா அம்மையார் புட்டி மாறி, மக்னீசியா என்று எண்ணிக் குளோரலைக் கொடுத்துவிட்டார். அன்று மாலையே டிண்டலின் உயிர் பிரிந்தது. தம் கல்லறைமேல் அடையாளம் எதுவும் வேண்டா என்பது அவர் விருப்பம். அம்மையார் அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். கணவரின் வரலாற்றைத் தாமே எழுதுவதென்று, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படியெடுத்துத் தொகுத்துக்கொண்டே இருந்தார். பிறர் எழுதவும் இசையவில்லை. எழுதி முடிக்கவும் அவரால் இயலவில்லை. 1940-இல் அவர் காலமான பின், அவர் சேர்த்துவைத்தவற்றைக் கொண்டு வேறிருவர் எழுதிய வரலாறு 1945-இல் வெளிவந்தது.